யோவ் என்ற சொல் அகராதியில் இல்லை

வெல்டருக்குப் படிக்கத் தெரியாது. தெருவே இதை நம்பியது. முழு எழுத்தறிவு இயக்ககம் மட்டும் நம்ப மறுத்தது.

மறுப்பதற்கு இயக்ககத்திடம் ஆதாரங்கள் இருந்தன. வெல்டரிடம் வெறும் உண்மைதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் உட்காரக்கூட இடம் கிடைக்காது.

இத்தனை வயது வரை அவனுக்குப் படிப்பு தேவைப்படவில்லை. கிரில் பட்டறையில் வேலை. ஜன்னல் கம்பி, மொட்டைமாடிக் கதவு, மாடிப்படிக் கைப்பிடி. அளவு எண்ணில் வரும், எண் அவனுக்குத் தெரியும். டிசைன் படமாக வரும், அதற்குக் கண் போதும். பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுவான். மாத்திரையை வடிவம் பார்த்து விழுங்குவான். மிச்சமிருந்த உலகத்தை அவன் மனைவி வாயால் சொல்லிவிடுவாள்.

அது லேசுப்பட்ட வாய் இல்லை. அவள் தையல்காரி. மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள், மெஷின் நின்றாலும் பேச்சு நிற்காது. வெளியாட்கள் முன்னால் புருஷனை "என்னங்க" என்பாள். வாசல் கதவைச் சாத்தியதும் "யோவ்". அந்த ஒற்றை யோவில்தான் எத்தனை வகை! சாப்பிடக் கூப்பிட ஒரு யோவ். எங்கே போய்த் தொலைந்தாய் என்பதற்கு இழுத்த யோவ். வெல்டிங் பொறி பட்டுச் சட்டையில் ஓட்டையோடு வந்தால் அதட்டல் யோவ். ஆசை வந்தால் தாழ்ந்த குரலில், கடைசி எழுத்து பாதியிலேயே காணாமல் போகிற ஒரு யோ. வெல்டருக்கு இந்தப் பாடம் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர் கட்டியை எடுத்தார். கூடவே குரலும் போயிற்று.

"உயிர் பிழைச்சதே பெரிய விஷயம்ப்பா," என்றார் டாக்டர்.

"இனிமே பேச்சே வராதா சார்?"

"எழுதிக் காட்டட்டுமே. அவங்களுக்கு எழுதத் தெரியுமில்ல?"

"அவளுக்கு நல்லாவே தெரியும் சார். எனக்குத்தான்..."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மீதி வாக்கியத்தை வெல்டர் வராந்தாவில் வந்து முடித்துக்கொண்டான்.

வீட்டில் வெட்டி மிஞ்சிய கறுப்பு லைனிங் துணி மூட்டையாகக் கிடந்தது. அளவு குறிக்கிற சாக்குக்கட்டியும் இருந்தது. அவள் ஒரு துண்டை எடுத்து விறுவிறுவென்று எழுதி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நிமிர்ந்தான். அதற்குள் சிரிப்பு வேறு ஏதோவாக மாறியிருந்தது.

அவளே சொல்லித் தரலாமே? தந்து பார்த்தாள். துணியில் 'அ' எழுதி, எழுத்தைத் தொட்டுக் காட்டி, வாயைத் திறந்தாள். காற்று வந்தது. 'ஆ' எழுதினாள். கொஞ்சம் அகலமாகக் காற்று வந்தது. 'இ'க்கும் 'ஈ'க்கும் பல் தெரிந்தது.

"இது ரெண்டும் இளிக்கிறதுக்கான எழுத்தா?" என்று கேட்டான் வெல்டர்.

சாக்குக்கட்டி பறந்து வந்து அவன் நெற்றியில் பட்டு உடைந்தது. பாடம் அதோடு முடிந்தது. சத்தம் இல்லாமல் எழுத்து சொல்லித் தர முடியாது என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

மறுநாள் அவள் முதலில் எழுதிய துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனான். முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, கிரைண்டர் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றி, கேட் ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் முன்னால் படித்தார்: "யோவ், போர்வை பூரா நீயே சுருட்டிக்கிட்டா நான் என்னத்த போத்திக்கிறது? இன்னிக்கு ஒழுங்கா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வா. இல்லேன்னா பட்டறையிலேயே படு."

பட்டறை சிரித்தது. கிரைண்டர் நின்ற பிறகும் சிரித்தது. செய்தி சாயங்காலத்துக்குள் தையல் மெஷின் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் அவள் சாக்குக்கட்டியைத் தொடவில்லை.

"முதலாளி, நீங்களே எனக்கு எழுத்து சொல்லிக் குடுங்களேன்."

"எனக்கே பாதி மறந்துபோச்சுப்பா. பாத்தியில்ல, நாலு வரிக்கு எப்படி மூச்சு வாங்குதுன்னு? இந்தக் காலத்துல யாருப்பா கண்ணால படிக்கிறா? தோழனை இறக்கிக்க."

வாசகத் தோழன், இயக்ககம் இலவசமாகக் கொடுக்கிற செயலி. எழுத்துக்கு மேல் போனைப் பிடித்தால் போதும், தேன் தடவிய பெண் குரல் ஒன்று படித்துச் சொல்லும். முதலாளியே அவன் போனில் இறக்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு அவள் மனசு இறங்கி ஒரு துணியில் எழுதினாள். வெல்டர் பயபக்தியோடு போனைப் பிடித்தான்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கதவினை மூடி உதவுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

வெல்டர் மனைவியைப் பார்த்தான். மனைவி போனைப் பார்த்தாள்.

"நீயா இப்படி எழுதின?"

அவள் தலையை வேகமாக ஆட்டி மறுத்து, முதல் சொல்லை விரலால் குத்திக் காட்டினாள். அவன் அதன் மேல் மட்டும் போனைப் பிடித்தான்.

"மன்னிக்கவும். இது அகராதியில் இல்லாத சொல். இதற்கு இணையான சொல், மதிப்பிற்குரிய ஐயா."

அன்றிலிருந்து வீட்டில் புது ஆள் ஒருத்தி குடிவந்தாள். மனைவி திட்டினால் அவள் வேண்டுகோள் விடுத்தாள். மனைவி கேலி செய்தால் பாராட்டினாள். ஒரு நாள் தையல்காரி கண் பளபளக்க அரை முழத் துணி நிறைய எழுதி நீட்டினாள். போன் அதை உறிஞ்சிக்கொண்டு, "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றது. பேங்க் மேனேஜரோடு குடித்தனம் நடத்துவது மாதிரி இருந்தது வெல்டருக்கு. மரியாதை தெரிந்தவள்தான். ஆனால் யார் என்றுதான் தெரியவில்லை.

தன் பெண்டாட்டியை அவன் தன் கண்ணாலேயே கேட்டாக வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும். லீவு போட்டுவிட்டு இயக்ககத்துக்குப் போனான்.

கட்டடம் பூராவும் எழுத்து. சுவரில், தூணில், படிக்கட்டில், குப்பைத்தொட்டியில். ஊழியர்கள் அவற்றுக்கு நேரே போனைத் தூக்கிப் பிடித்து, காது கொடுத்துக் கேட்டு, கழிவறைக்கு வழி கண்டுபிடித்துப் போனார்கள். வெல்டர் மூக்கை வைத்தே கண்டுபிடித்தான்.

முதல் ஜன்னலில் ஓர் எழுத்தர் அம்மாள் இருந்தாள்.

"வகுப்புல சேரணும் மேடம்."

"என்ன வகுப்பு?"

"எழுதப் படிக்க."

போன் எண்ணைக் கேட்டுத் தட்டிப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"தெரியாது மேடம்."

"தெரியும்ணே. தோழனை இறக்கியிருக்கீங்க. இறக்கின நிமிஷத்துலேர்ந்து நீங்க எழுத்தறிந்தவர்."

"அது போனு படிக்குது மேடம்."

"போன் யாருது?"

"என்னுது."

"அப்புறம்?"

வெல்டர் யோசித்தான். அந்த அப்புறத்துக்கு அப்புறம் வழி இல்லை.

"அதுக்கு முன்னாடியே உங்களுக்கு ஒரு தடவை படிப்பு வந்திருக்கு. கையெழுத்து இயக்கம் நடந்தப்போ கையெழுத்துப் போட்டுக் காட்டியிருக்கீங்க."

"அது நாலு கோடு மேடம். வரைஞ்சு காட்டினாங்க, கேட் டிசைன் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்."

"ஆக ரெண்டு தடவை எழுத்தறிவு வாங்கியிருக்கீங்க. இதுல மூணாவது கேக்கறீங்க. மத்தவங்களுக்கு வேணாமா?"

அவன் நகராமல் நின்றான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் மனமிரங்கி ஒரு வழி சொன்னாள். "எழுத்தறியாமைச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. மாடியில தேர்வு வெப்பாங்க. ஃபெயிலானா பாஸ்."

மாடியில் தேர்வு அதிகாரி தனியாக உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளாக யாரும் வராததால் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"கேள்வித்தாள் குடுத்தா எழுதாம உக்காந்திருப்பீங்க. தெரியாம எழுதலையா, திமிர்ல எழுதலையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதனால பழைய முறையை எடுத்துட்டோம். இப்ப எல்லாம் விஞ்ஞானம். உக்காருங்க."

எதிரே பச்சை நாற்காலி. அதன் முதுகில் ஓர் அட்டை தொங்கியது. வெல்டர் நின்றான்.

"உக்காருங்கன்னு சொன்னேன்."

"வேணாம் சார். பெயிண்ட் காயல."

அதிகாரி துள்ளி எழுந்தார். "மாட்டிக்கிட்டீங்க! அட்டையில என்ன போட்டிருக்கு? 'ஈரப் பெயிண்ட், உட்காராதீர்.' படிச்சிட்டீங்க!"

"வாசனை வருதே சார். எனாமல். நான் கிரில் பட்டறைக்காரன். முதுகு காஞ்சிருச்சு, கைப்பிடியில இன்னும் பசை இருக்கு. தொட்டா ஒட்டும்."

"படிச்சது மட்டுமில்ல, விளக்கம் வேற குடுக்கறீங்க." அதிகாரி எழுதிக்கொண்டார். "வாசித்ததை விளக்கும் திறன், மேல்நிலை எழுத்தறிவு."

"சார், இதுவரைக்கும் யாராவது உக்காந்திருக்காங்களா?"

"ஒருத்தர் உக்காந்தாரு. சட்டை பூரா பச்சை. ஆகா, நிஜமாவே எழுத்தறியாதவர் கிடைச்சிட்டாருன்னு சந்தோஷப்பட்டோம். விசாரிச்சா பள்ளிக்கூட வாத்தியாராம். அவசரத்துல கவனிக்கலையாம்."

மூன்றாவது எழுத்தறிவையும் சுமந்துகொண்டு வெல்டர் இறங்கி வரும்போது, இயக்குநர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. யாரோ ஒருவன் கண்ணாலேயே படிக்க ஆசைப்படுகிறான் என்று கேள்விப்பட்டு, பார்க்க ஆசைப்பட்டாராம்.

இயக்குநர் அறையில் தரையிலிருந்து கூரை வரை புத்தகம். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. கதவில் கைப்பிடி இல்லாததை வெல்டர் உடனே கவனித்தான். வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தான்.

"கண்ணால படிக்கணுமாமே! எதுக்குப்பா?"

"என் பெண்டாட்டி எழுதறது என்னன்னு தெரியணும் சார்."

"நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேர்ந்து ஒரு வரி படிச்சதில்ல. ஏதாவது குறைஞ்சுபோச்சா? கோப்பு வருது, என் தோழன் படிக்குது. தோழனே பதில் எழுதுது. அதை அமைச்சரோட தோழன் படிச்சுப் பாராட்டுது. நடுவுல எந்த மனுஷனாவது நுழைஞ்சு படிச்சான்னு வெச்சுக்க, அன்னிக்கு இயக்ககமே நின்னுடும்." அவர் சாய்ந்துகொண்டார். "ஒரு காலத்துல இந்த ஊர்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. எவ்வளவு அவமானம்! இப்ப யாருக்குமே தெரிய வேண்டிய அவசியம் இல்ல. அவமானத்தை அடியோட ஒழிச்சிட்டோம். இதுக்குப் பேருதான் முழு எழுத்தறிவு. அடுத்த மாசம் விழா, அமைச்சர் வர்றாரு, கேடயம் குடுக்கறாரு. சரி, உன் சம்சாரம் எழுதினது இருக்கா?"

வெல்டர் தயங்கித் தயங்கித் துணியை எடுத்தான். இயக்குநர் போனைப் பிடித்தார். மதிப்பிற்குரிய ஐயா என்று போன் ஆரம்பித்தது.

"பிரமாதமா எழுதியிருக்காங்களே."

"அவ எழுதினது அது இல்ல சார். அவ யோவ்னு எழுதினா."

"யோவா?" இயக்குநர் முகம் சுருங்கியது. துணியை உற்றுப் பார்த்தார். எழுத்து என்று தெரிந்தது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. "அப்ப உன் சம்சாரம் பேசறதை அப்படியே எழுதறாங்க. பேச்சை எழுதி வெச்சா எழுத்தாயிடுமா? தோழனுக்குப் புரியாதது எழுத்தே இல்லப்பா, கிறுக்கல். அவங்க போன்ல தோழன் இருக்கா?"

"அவகிட்ட பழைய பட்டன் போனுதான் சார்."

இயக்குநர் மெல்ல எழுந்தார். குரல் தழுதழுத்தது. "எழுதறது எழுத்து இல்ல. தோழனும் இல்ல. அடடா! ஊர்லயே கடைசி எழுத்தறியாதவர்! அமைச்சர் கையால மேடையில எழுத்தறிவு குடுக்க ஒரே ஒரு ஆள் கிடைக்காதான்னு எத்தனை மாசமா தேடிக்கிட்டிருக்கோம்!"

"சார், அவ பத்தாவது பாஸ் சார். கதைப் புத்தகமெல்லாம் ஒரே மூச்சுல படிப்பா."

"பாவம்," என்றார் இயக்குநர்.

மறுநாளே வாசலில் இயக்ககத்தின் வண்டி நின்றது. தையல்காரி விஷயத்தைக் கேட்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். துணியைக் கிழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி, வந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதிகாரியின் போன் கனிவோடு படித்தது: "வகுப்பில் சேர மிகுந்த ஆவலுடன் உள்ளேன். நன்றி."

"அவங்களே எழுத்து மூலமா சம்மதிச்சிட்டாங்க," என்றார் அதிகாரி. "இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

வகுப்பில் அவள் ஒருத்திதான் மாணவி. ஆசிரியர்கள் நிறையப் பேர். பாடம் சுலபம். எழுத வேண்டும், போனிடம் காட்ட வேண்டும், போன் திருத்தாமல் படிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். வணக்கத்தில் தொடங்க வேண்டும், நன்றியில் முடிய வேண்டும். நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் முழு மதிப்பெண்.

முதலில் அவள் சாயங்காலம் வந்ததும் துணி துணியாக எழுதித் தள்ளினாள். சாக்குக்கட்டி நசுங்கித் தூளாகும். வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாகப் பார்ப்பான். எல்லாத் துணியும் ஒரே மாதிரி ஆரம்பிப்பது அவன் கண்ணில் பட்டது. முதலில் ஒரு கொம்பு, பிறகு வளைந்து மேலே போகிற ஒரு எழுத்து, ஒரு கால், பிறகு இன்னொரு எழுத்து, தலையில் புள்ளி. "இதானே யோவ்?" என்று கேட்டான். அவள் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்கு அடுத்து இருந்ததெல்லாம் அவனுக்குக் காடு.

வாரம் ஆக ஆகத் துணி குறைந்தது. ஒரு சாயங்காலம் அவள் ஒன்றே ஒன்று எழுதினாள். அவன் போனைப் பிடித்தான்.

"வணக்கம். உணவு தயாராக உள்ளது. நன்றி."

வெல்டர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான், அவள் தலையை ஆட்டி மறுப்பாள் என்று. அவள் மறுக்கவில்லை. துணியைப் பார்த்தான். ஆரம்பத்தில் கொம்பும் இல்லை, காலும் இல்லை. அவள் அப்படியேதான் எழுதியிருந்தாள்.

"யோவ்னு எழுதேன்," என்றான்.

அவள் போனைக் காட்டினாள். போனுக்குப் பிடிக்காது என்றா, போனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றா, அவனுக்கு விளங்கவில்லை. இதற்கு முன்னால் அவள் சைகையில் சொன்னது எதுவும் அவனுக்கு விளங்காமல் போனதில்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அமைச்சரின் பேச்சை அமைச்சரின் போன் வாசித்தது. கேட்டவர்கள் தங்கள் போனில் அதன் சுருக்கத்தைக் கேட்டார்கள். மேடையில் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நேற்றுவரை இந்தச் சகோதரிக்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது! இன்று உங்கள் கண் முன்னால் தம் முதல் வாக்கியத்தை எழுதப்போகிறார்!"

தையல்காரி பெரிய கரும்பலகை முன்னால் போய் நின்றாள். சாக்குக்கட்டியை எடுத்தாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். நாலாவது வரிசையில் வெல்டரைக் கண்டுபிடித்ததும் திரும்பி எழுத ஆரம்பித்தாள்.

முதலில் கொம்பு. வெல்டர் எழுந்து நின்றுவிட்டான். வளைந்து மேலே போகிற எழுத்து. கால். புள்ளி.

யோவ்.

போன் இல்லாமல், யாரும் சொல்லாமல், தன் கண்ணால் அவன் படித்த முதல் சொல். அவளுடைய குரல் அப்படியே காதில் விழுந்தது. ஆனால் எந்த யோவ்? அதட்டலா, இழுத்ததா, தாழ்ந்ததா? அது அடுத்து வருவதைப் பொறுத்தது. அடுத்து வந்துகொண்டே இருந்தது. வரிக்கு மேல் வரி. தோள் அசைய, கட்டி உடைய உடைய, பலகையின் அடி வரைக்கும் குனிந்து எழுதினாள். வகுப்பில் அடக்கிவைத்ததெல்லாம் அங்கே இருந்திருக்க வேண்டும். மண்டபம் பலகையைப் பார்க்கவில்லை. எல்லாரும் பலகைக்கு நேரே போனைத் தூக்கிப் பிடித்து, போனைப் பார்த்தார்கள்.

நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே குரலில் படித்தன: "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு எழுத்தறிவு தந்தமைக்கு மனமார்ந்த நன்றி."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமைச்சர் கேடயத்தைக் கொடுத்தார். வெல்டர் ஆட்களைத் தள்ளிக்கொண்டு மேடைப் படிக்கு ஓடுவதற்குள், புகைப்படத்துக்குப் பின்னணி சுத்தமாக வேண்டும் என்று யாரோ சொல்ல, ஒரு ஊழியர் ஈரத் துணியால் பலகையை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டார்.

மண்டபத்துக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக்குப் போகிற சந்தில் அவள் நின்றாள். அவன் தோளைத் தொட்டுத் திருப்பினாள். புருவத்தை உயர்த்தினாள். அது மட்டும் அவனுக்குத் தெரியும். என்ன சொல்றே, என்று கேட்கிறாள்.

"இன்னொரு தடவை எழுதிக் காட்டேன்," என்று பையிலிருந்து சாக்குக்கட்டியையும் துணியையும் எடுத்தான். பழக்கதோஷம், மறு கையில் போனையும் எடுத்துவிட்டான்.

அவள் கட்டியை வாங்கினாள். போனைப் பார்த்தாள். கட்டியை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். அவன் பதிலுக்காக மறுபடி புருவத்தை உயர்த்தினாள்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். மேடையில் ஏறி, அத்தனை பேர் முன்னால், அமைச்சரை வைத்துக்கொண்டு யோவ் என்று ஆரம்பித்தவள், ஊரையே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள் என்று தோன்றியது. வெல்டர் வாய்விட்டுச் சிரித்தான்.

"செம," என்றான். "சரியான சூடு குடுத்தே."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது.

அவள் விரலில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவனுக்கு முன்னால் நடந்தாள்.